வண்டு என்றால் எந்த வண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டு என்ற ஒரே சொல்லைப் புலவர் ஒன்றுக்கும், தென்னை வைத்திருப்பவர் இன்னொன்றுக்கும், தெருவில் நிற்கும் பையன்கள் வேறொன்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். இது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அகராதியில் வண்டுக்கு என்ன பொருள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது) வண்டு என்ற சொல்லுக்குள் தேனீ வகைகளையும் ஓடு மூடிய வண்டுகளையும் சேர்த்தே வைக்கிறது. அதோடு சங்கு, கைவளை என்ற பழைய பொருள்களும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அவை இன்று பேச்சில் இல்லை. பழைய பாட்டில் பெண்ணின் கையில் வண்டு என்று வந்தால் பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது, அங்கே வளையலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, சங்கப் பாட்டில் பூவைச் சுற்றும் வண்டு பீட்டிலா (ஆங்கிலத்தில் beetle எனப்படும் ஓட்டு வண்டா), தேனீயா?

பெரும்பாலும் தேனீ இனம்தான். பாட்டில் வண்டு வந்தால் முதலில் பூச்சியைத் தேட வேண்டாம், வினைச்சொல்லைத் தேடுங்கள். முரலும், இமிரும், மூசும், ஊதும், தாது உண்ணும் என்று வந்தால் அது தேனுக்கு வரும் தேனீ வகை. அரிக்கும், குடையும், துளைக்கும், உருட்டும் என்று வந்தால் அநேகமாக இன்று நாம் வண்டு என்று சொல்லும் கெட்டி ஓட்டுப் பூச்சி. சங்கப் பாட்டுக்குப் பின்னால் வந்த அப்பர் தேவாரத்தின் 'மூசு வண்டறை பொய்கை' என்ற தொடரைப் பாருங்கள். அறைதல் என்றால் அங்கே ஒலித்தல், மூசுதல் என்றால் மொய்த்தல். குளத்தில் பூத்த பூக்களை மொய்த்து ஒலிக்கும் வண்டுகள் தேனீயாகவோ அதன் உறவாகவோதான் இருக்க முடியும். பாட்டுக்கு உரை எழுதுபவர்களும் வேறு மொழிக்குக் கொண்டு போகிறவர்களும் இதைக் கவனிக்காமல் எல்லா வண்டையும் பீட்டில் ஆக்கிவிடும்போது, பாட்டின் ஓசையே போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

தும்பி, சுரும்பு, ஞிமிறு, அளி எல்லாம் ஒரே பூச்சிக்கான வேறு வேறு பெயர்களா?

நிகண்டுகள் (பழைய சொற்பொருள் நூல்கள்) ஒரே வரிசையில் அடுக்குவதால் அப்படித் தோன்றும். மதுகரம், பிரமரம், அறுபதம் என்ற வடசொற்களும் அதே வரிசையில் வரும். அறுபதம் என்றால் ஆறு கால், தமிழில் அறுகால் என்றும் சொன்னார்கள். ஆனால் பழைய உரைகாரர்கள் இவற்றைப் பிரித்துத்தான் பார்த்தார்கள். வண்டும் சுரும்பும் எந்த மணத்திலும் போய் உட்காரும், தேன் என்ற வண்டும் ஞிமிறும் நல்ல மணத்துக்கு மட்டும் போகும் என்று ஒரு விளக்கம் உரைகளில் உண்டு. ஞிமிறு, மிஞிறு இரண்டும் எழுத்து இடம் மாறிய ஒரே சொல்.

தும்பிதான் அதிகம் குழப்புகிறது. குறுந்தொகையின் 2ஆம் பாட்டில், இறையனார் பெயரில் உள்ளதில், தலைவன் 'அஞ்சிறைத் தும்பி' என்று கூப்பிட்டு, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிறான். பூ பூவாகத் தேன் தேடி வாழ்வதால்தான் அதனிடம் கேட்கிறான். இன்று தும்பி என்றால் பலருக்குத் தட்டான் நினைவுக்கு வருகிறது, மலையாளத்திலும் அதே பொருள்தான். தட்டான் பூவுக்குத் தேன் தேடிப் போவதே இல்லை, அது கொசுவையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். ஆக அந்தப் பாட்டின் தும்பி தட்டானாக இருக்கவே முடியாது.

அம்மன் பெயர்களிலும் இந்தப் பூவண்டுதான். திருவாலங்காட்டு அம்மன் வண்டார்குழலி, வண்டு மொய்க்கும் அளவுக்கு மணமுள்ள கூந்தலை உடையவள். ஸ்ரீசைலத்து அம்மன் பிரமராம்பிகை. இரண்டிலும் அரிசியில் ஊரும் வண்டுக்கு இடமில்லை.

அப்படியானால் பீட்டில் என்று அறிவியல் சொல்லும் வண்டை எப்படி அடையாளம் காண்பது?

முதுகைப் பாருங்கள். முன்சிறகு இரண்டும் கெட்டியான மூடியாக மாறி, நடு முதுகில் நேர்கோட்டில் சந்திக்கும். பறக்கிற சிறகு அதற்குக் கீழே மடங்கி இருக்கும். வாய் கடித்து மெல்லும் வாய். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு நிலைகள். உலகில் இதுவரை பெயரிட்ட வண்டு இனங்கள் ஏறக்குறைய 4 லட்சம், பெயரிட்ட விலங்கினங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு.

இங்கும் வினைச்சொல் உதவும். கதிர் நாவாய்ப்பூச்சி நெல்மணியின் பாலை உறிஞ்சும், மூட்டைப்பூச்சி ரத்தத்தை உறிஞ்சும். உறிஞ்சுபவை வண்டு அல்ல.

வீட்டு மூங்கிலையும் உத்தரத்தையும் துளைக்கிற பெரிய கருவண்டு?

பளபளக்கும் கறுப்பு, நீலம் ஓடும் சிறகு, காதருகே வந்தால் நெஞ்சு அதிரும் சத்தம். இது வண்டு அல்ல, தச்சுத் தேனீ. துளைக்கிறதே, அப்படியானால் வண்டுதானே என்று கேட்பார்கள். நான் சொன்ன வினைச்சொல் கணக்கு தடுமாறுகிற இடம் இது, இது முரலவும் செய்யும், துளைக்கவும் செய்யும். அது மரத்தைத் தின்பதில்லை, முட்டை வைக்க அறை குடைகிறது, உணவு பூவிலிருந்துதான். மகரந்தச் சேர்க்கைக்கு மிக நல்ல உழைப்பாளி, அடித்துக் கொல்ல வேண்டாம். ஒருவரின் கண்ணைக் கருவண்டுக் கண் என்று புகழ்கிறோமே, அந்தக் கறுப்பும் பளபளப்பும் இதற்கு அப்படியே பொருந்தும்.

கூன்வண்டு, காண்டாமிருக வண்டு என்று விவசாயிகள் சொல்வது ஒன்றையா?

இல்லை, இரண்டும் தென்னையைத் தாக்கும், ஆனால் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து வாங்கிப் பணம் போனவர்கள் உண்டு என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

காண்டாமிருக வண்டுக்குத் தலையில் கொம்பு இருக்கும், உடல் கருப்பு. விரியாத குருத்தைக் குடைந்து தின்னும், அந்த மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரியும். இதன் புழு மரத்தில் இருக்காது, எருக்குழியிலும் மக்கிய தென்னங்கட்டையிலும் வளரும். அதனால் எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவது, புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை எருவில் கலப்பது, மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போடுவது, ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் வைத்து வண்டை இழுத்துப் பிடிப்பது என்று பல வழிகள் இருக்கின்றன.

சிவப்புக் கூன்வண்டு செம்பழுப்பு நிறம், முன்னால் நீண்ட வளைந்த மூக்கு. மூக்கு வண்டு என்றும் சொல்வார்கள். இதன் புழு தண்டுக்குள்ளேயே வாழும். தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு, மென்று தள்ளிய நார், காதை வைத்தால் உள்ளே கரகரவென்ற சத்தம், இவை தெரிந்தால் அது கூன்வண்டு. கொண்டை சாய்ந்த பிறகு மரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம். இன்னொன்று, காண்டாமிருக வண்டு போட்ட காயத்தின் வாசனைக்குத்தான் பல நேரம் கூன்வண்டு வந்து முட்டை வைக்கிறது. முதலாவதைக் கவனிக்காமல் விட்டவருக்கே இரண்டாவதும் வருகிறது.

கூன்வண்டு என்பது ஒரே பூச்சியின் பெயர் அல்ல, ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். வாழைத் தண்டுக் கூன்வண்டு, வாழைக் கிழங்குக் கூன்வண்டு, சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு எல்லாம் தனித்தனி இனங்கள். கடையில் போய்க் கூன்வண்டுக்கு மருந்து கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பயிரில், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.

அரிசியில் வருவது வண்டா, அந்தா, உளுவா?

மூன்றும் வேறு. அரிசி வண்டு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், சின்ன மூக்கோடு இருக்கும், இதுவும் கூன்வண்டுக் கூட்டம்தான். தாய் வண்டு அரிசியில் துளை போட்டு முட்டை வைத்து அதை அடைத்துவிடும், புழு உள்ளேயே தின்று வளரும். அரிசி களையும்போது மிதக்கிற மணிகள் பெரும்பாலும் அப்படி உள்ளே காலியானவை. அந்து என்பது சின்ன அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சியின் உறவு, நெல் மூட்டையைத் தட்டினால் பறக்கும். உளு என்பது மரத்தையும் தானியத்தையும் அரிக்கும் பூச்சி. அதிலிருந்துதான் உளுத்துப்போதல், மேலே நன்றாகத் தெரிந்து உள்ளே பொடியாகிப் போவது.

பயறு வண்டு இன்னொன்று. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது அதன் முட்டை. இது பல நேரம் வயலில் காயிலேயே முட்டை வைத்துவிடுகிறது, அதனால் டப்பா சுத்தமாக இருந்தும் வண்டு வந்ததே என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம். நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாமல் மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கிற பழக்கம் வீட்டுப் பெரியவர்கள் காரணம் தெரிந்து செய்தது. மண் பூச்சு இருந்தால் வண்டு விதை மேல் முட்டை வைப்பது கடினம்.

ஓட்டையே இல்லாத மாம்பழத்துக்குள் வண்டு எப்படிப் போனது?

மாங்கொட்டைக் கூன்வண்டு, பிஞ்சாக இருக்கும்போதே தோலில் சின்னக் கீறல் போட்டு முட்டை வைத்துவிடும். பொரித்த புழு மெல்லிய சதை வழியே கொட்டைக்குள் போய்விடும், காய் பெரிதாகும்போது வழியும் காயமும் ஆறிவிடும். வெளியே தடயம் இருக்காது. கொட்டைக்குள் வண்டாகி உட்கார்ந்திருக்கும். சதை பெரும்பாலும் கெடாது. தோட்டத்தில் விழுந்த பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி அழிப்பதுதான் அடுத்த வருடத்துக்கான மருந்து.

சில்வண்டு என்று ஆளைச் சொல்வது எதற்காக?

சின்னப் பையன், பொடிப்பயல், பெரிய ஆள் இல்லாதவன் என்ற பொருளில். போலீஸ் கதைகளிலும் ஊர்ப் பேச்சிலும் பெரிய ஆட்கள் தப்பித்துவிட்டுச் சின்னத் திருடன் மட்டும் மாட்டினால் சில்வண்டு சிக்கியது என்பார்கள். பாசமாகவும் வரும், இளக்காரமாகவும் வரும், எப்படி என்று சொல்பவர் குரலில்தான் தெரியும். அதிகாரியிடமோ சம்பந்தி வீட்டிலோ சொல்லக் கூடிய சொல் இல்லை.

பூச்சியான சில்வண்டும் அறிவியல்படி வண்டு அல்ல. மரத்தில் உட்கார்ந்து காடே அதிரக் கத்தும் பூச்சி அது, சாறு உறிஞ்சும் கூட்டத்தைச் சேர்ந்தது. சங்கப் பாட்டில் இதன் பெயர் சிள்வீடு. ஆண் பூச்சி வயிற்றுப் பக்கத்தில் உள்ள மெல்லிய தகட்டை அதிரவைத்துச் சத்தம் எழுப்புகிறது. வீட்டு மூலையில் கிறீச்சிடும் சுவர்க்கோழி வேறு, அது சிறகை உரசுகிறது.

வாண்டு என்பது தனிச் சொல், குறும்புக்காரக் குழந்தை. கால் வைத்த வாண்டையும் கால் வைக்காத வண்டையும் கலக்க வேண்டாம். நண்டுசிண்டு என்பதும் குழந்தைப் பட்டாளத்தைத்தான் குறிக்கிறது, அதில் வண்டு இல்லை.

ஒருவனை 'வண்டு' என்று மட்டும் சொன்னால் வசவா?

பெண்களைச் சுற்றி வரும் ஆணைப் பூவைச் சுற்றும் வண்டு என்று சொல்வது பழைய வழக்கம், சங்கப் பாட்டில் பரத்தையரிடம் போகும் தலைவனைக் குத்திக்காட்டவும் பூவுக்குப் பூ தாவும் வண்டுதான் உதவியது. சினிமாப் பாட்டில் அது கொஞ்சலாக மாறியது. என் கருத்தைக் கேட்டால், பெண்ணைப் பூவாகவும் பின்தொடர்பவனை வண்டாகவும் சொல்லித் தொந்தரவை இயற்கையாக்கிவிடுகிற வழக்கத்தை விட்டுவிடலாம். கருவண்டு என்று நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதும் அப்படித்தான், சூட்டுகிறவருக்கு விளையாட்டு, சுமக்கிறவருக்கு இல்லை.

குடைச்சல், துளைத்தெடுப்பது எல்லாம் வண்டிலிருந்து வந்தவையா?

குடைதல் என்ற வினை வண்டுக்கு மட்டும் உரியது அல்ல. ஆனால் மண்டைக்குள் வண்டு குடைகிறது என்று சொல்லும்போது, மரத்தில் விடாமல் நடக்கிற அந்த வேலைதான் நினைவில் இருக்கிறது. விடாத யோசனை, விடாத கவலை. குடைச்சல் கொடுப்பது என்றால் ஆள் விடாமல் தொந்தரவு செய்வது, கால் குடைச்சல் என்றால் எலும்புக்குள் வலிப்பது, கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பது என்றால் எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராதது. உளுத்துப்போன வாதம் என்று எழுத்திலும் மேடையிலும் வரும். சொத்தை என்பது பல்லுக்கும் கத்தரிக்காய்க்கும் பொது, கத்தரிக்காயைச் சொத்தையாக்குவது வண்டு அல்ல, ஒரு அந்துப்பூச்சியின் புழு.

கர்ணன் தொடையைத் துளைத்த வண்டு எந்த வண்டு?

பரசுராமர் கர்ணன் மடியில் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைத்தது என்றுதான் தமிழில் கதை கேட்டு வளர்கிறோம். வியாச பாரதத்தின் சாந்தி பர்வத்தில் அதன் பெயர் அலர்க்கம், எட்டுக் கால், கூர்மையான பல், உடலெங்கும் ஊசி மயிர் என்று வருணனை இருக்கிறது. எட்டுக் கால் என்றால் பூச்சியே இல்லை, உண்ணி மாதிரி ஏதோ ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் கதைசொல்லிகள் அதை வண்டு ஆக்கியதற்குக் காரணம் புரிகிறது, துளைப்பது என்றாலே நமக்கு வண்டுதான்.

வண்டுகடி என்று தோலில் வருவது வண்டு கடித்ததா?

பெரும்பாலும் இல்லை. அரிக்கிற தடிப்புக்கும் படைக்கும் வண்டுகடி என்று ஊரில் பெயர், காரணம் ஒவ்வாமையாகவோ பூஞ்சையாகவோ இருக்கும். தலையிலோ தாடியிலோ வட்டமாக முடி உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம், அதிலும் புழு இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருகிறது. பெயரை நம்பிப் பூச்சி மருந்து தடவாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையாகவே வண்டால் வரும் கொப்புளமும் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், எறும்பு மாதிரி மெலிந்த ஒரு வண்டு, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். ஆசிட் பூச்சி, நைரோபி ஈ என்று பரப்புகிறார்கள், ஈ அல்ல, வண்டுதான். அது கடிப்பதும் இல்லை கொட்டுவதும் இல்லை. நசுக்கினால் உடலுக்குள் இருக்கும் நச்சு தோலில் பட்டு, ஒரு நாள் கழித்துத் தீக்காயம் போல் கோடாக எரியும். மேலே உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள், பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

பொன்வண்டு?

சோப்பின் பெயராகத் தெரிந்தவர்கள் இன்று அதிகம், பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. மழைக்குப் பிறகு வேல மரங்களில் இலை தின்னும். தீப்பெட்டியில் இலையோடு அடைத்து முட்டை இடுகிறதா என்று பார்ப்பது ஒரு தலைமுறையின் விளையாட்டு. அதன் பச்சைப் பளபளப்பு சாயம் அல்ல, ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, அதனால் செத்த பிறகும் மங்காது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இந்தச் சிறகுகளை மஸ்லின் துணியில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். வண்டாக அது வாழ்வது சில வாரங்கள்தான், பெட்டியில் அடைக்காமல் மரத்திலேயே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

மின்மினி, பொறிவண்டு, தம்பலப்பூச்சி?

மின்மினி வண்டுதான், பெயரில் பூச்சி என்று இருந்தாலும். 2022இல் ஆனைமலை டாப்சிலிப் காட்டில் ஏராளமான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்ததை வனத்துறை பதிவு செய்தது. பொறிவண்டும் வண்டுதான், அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும் நண்பன். ஆனால் கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் அதே குடும்பம், பார்க்கவும் அதே மாதிரி, எனவே மருந்து அடிக்கும் முன் அது இலையைத் தின்கிறதா, இலையில் உள்ள அசுவினியைத் தின்கிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முதல் மழையில் வரும் சிவப்பு வெல்வெட் தம்பலப்பூச்சி, சங்கப் பாட்டின் மூதாய், அது வண்டு அல்ல, எட்டுக் கால் உள்ள சிற்றுண்ணி.

பீட்டல் நட் என்கிறார்களே, அதற்கும் வண்டுக்கும் தொடர்பு?

எதுவும் இல்லை. பீட்டல் நட் என்பது பாக்கு, அதில் பீட்டல் என்பது வெற்றிலை. போர்ச்சுக்கீசியர் மலையாளக் கரையில் கேட்ட சொல் ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் அப்படி ஆனது.

எங்கள் ஊரில் சாணி வண்டைப் பீயுருட்டி என்கிறோம், எது சரி?

இரண்டும் சரி. பீயுருட்டி என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், அது என்ன செய்கிறது என்பதை அந்தப் பெயர் நேராகச் சொல்கிறது. உருட்டிப் புதைக்கும் சாணம் மண்ணுக்கு உரம், அதில்தான் அதன் குஞ்சும் வளர்கிறது. இப்படி ஊர்ப் பெயர் ஏதாவது தெரிந்தால், பெயரை மட்டும் எழுதாமல் எந்த மரம், எந்த மாதம், என்ன நிறம், முக்கியமாக அது என்ன செய்கிறது, குடைகிறதா, உருட்டுகிறதா, உறிஞ்சுகிறதா என்றும் சேர்த்து எழுதி வையுங்கள், முடிந்தால் முதுகும் தலையும் தெரிகிற மாதிரி ஒரு படமும். அவ்வளவு இருந்தால் எந்த வண்டு என்று சொல்லிவிடலாம்.